கறக்கும் கையும் பதிவேட்டுப் பெயரும்: தமிழ்நாட்டுக் கறவைமாடு வளர்ப்பில் பெண்களின் உழைப்பும் உரிமையும்

1. ஆய்வுக் கேள்வி

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கறவைமாடு வளர்ப்பு பெரும்பாலும் பெண்களின் உழைப்பால் நடைபெறுகிறது என்பதை அரசின் திட்ட ஆவணங்களும் ஆய்வு நூல்களும் ஊர் வழக்கும் ஒருசேர ஏற்றுக்கொள்கின்றன. ஆயினும் ஒரு தொழிலில் பெண்கள் மிகுதியாக உழைக்கிறார்கள் என்பதும் அத்தொழில் பெண்களுக்கு உரியது என்பதும் வெவ்வேறு செய்திகள். முதலாவது உழைப்பைப் பற்றியது; இரண்டாவது, மாட்டை வாங்கவும் விற்கவும் முடிவெடுப்பவர் யார், பால் பணத்தைப் பெற்றுச் செலவிடுபவர் யார், சங்கத்தின் கூட்டத்தில் வாக்களிப்பவர் யார் என்பதைப் பற்றியது. பால்வளத் துறை பற்றிய பொதுப் பேச்சில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. பெண்கள் உழைப்பதையே பெண்கள் முன்னேறியதற்குச் சான்றாகக் காட்டும் வழக்கமும் நிலைபெற்றுவிட்டது. உழைப்புக்கும் உரிமைக்கும் இடையிலான இந்த இடைவெளி எங்கே தோன்றுகிறது, எதனால் நீடிக்கிறது, எந்த நிலைகளில் குறைகிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. நிலவும் புரிதல்கள்

இப்பொருள் குறித்த எழுத்துகளை மூன்று போக்குகளாக வகுத்துக் காணலாம். முதல் போக்கு, கூட்டுறவுப் பால் இயக்கத்தைக் கிராமப் பெண்களுக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பாகக் காண்கிறது. 1946-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் தொடங்கிய பால் உற்பத்தியாளர் ஒன்றியத்தின் அனுபவத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1965-ல் தேசிய பால்வள வாரியம் நிறுவப்பட்டு, 1970-ல் 'வெண்மைப் புரட்சி' என்று பின்னர் அழைக்கப்பட்ட திட்டம் தொடங்கியது. நிலமற்ற வீட்டுக்கும் ஒன்றிரண்டு மாடுகளால் நிலையான வருமானம் வரும், அந்தப் பணம் சிறு தொகைகளாக வீட்டுக்குள் வருவதால் பெண்களின் கைக்கே சேரும் என்பது இப்போக்கினரின் வாதம்.

இரண்டாவது போக்கு இதை ஐயத்துடன் அணுகுகிறது. நவீனத் தொழில்நுட்பமும் பணப்பொருளாதாரமும் புகும்போது பெண்கள் செய்துவந்த தொழில்களின் ஆதாயமான பகுதி ஆண்களிடம் சென்றுவிடுகிறது என்று எஸ்டர் போஸ்ரப் 1970-ல் வாதிட்டார். ஆந்திரத்தின் நரசாபூர் லேஸ் பின்னல் தொழிலாளர்களை ஆராய்ந்த மரியா மீஸ், உழைக்கும் பெண்ணை 'இல்லத்தரசி' என்று வரையறுப்பதன் வழியாக அவளது உழைப்பு எவ்வாறு மலிவாக்கப்படுகிறது என்பதை 1982-ல் வெளியான தம் நூலில் விளக்கினார். சந்தைக்காக உற்பத்தி செய்பவளையும் வீட்டில் ஓய்வு நேரத்தில் ஏதோ செய்பவளாகக் கருதும் இந்தப் போக்கை 'இல்லத்தரசியாக்கம்' எனலாம். சாந்தி ஜார்ஜ் 1985-ல் வெளியிட்ட நூல், பால்வளக் கொள்கையின் நகரச் சார்பையும் கலப்பின மாடுகளின் மீதான அதன் நம்பிக்கையையும் கடுமையாக விமர்சித்தது.

மூன்றாவது போக்கு புள்ளிவிவரங்களைப் பற்றியது. மதுரா சுவாமிநாதன், ஷ்ருதி நாகபூஷண், வி.கே. ராமச்சந்திரன் ஆகியோர் பதிப்பித்து 2020-ல் வெளிவந்த கிராமப்புறப் பெண் உழைப்பு பற்றிய தொகுப்பு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கால்நடை வளர்ப்பில் செலவாகும் நேரத்தை அளக்காதவரை கிராமப்புறப் பெண்களின் உழைப்பை மதிப்பிட முடியாது என்பது இப்போக்கின் மையக் கருத்து.

முதல் போக்கு வருமானத்தையும் இரண்டாவது அதிகாரத்தையும் மூன்றாவது எண்ணிக்கையையும் முதன்மையாகக் கொள்கின்றன. இவை மூன்றும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது பதிவு, அதாவது மாடும் பாலும் பணமும் யாருடைய பெயரில் எழுதப்படுகின்றன என்பது. இக்கட்டுரை அந்த இடத்திலிருந்தே சிக்கலை அணுகுகிறது.

3. மோர் விற்றவளும் பால் ஊற்றுபவளும்

பழந்தமிழில் 'மாடு' என்ற சொல்லே செல்வத்தைக் குறித்தது. அந்தச் செல்வத்தோடு பெண்ணுக்கு இருந்த தொடர்பைப் பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை விரிவாகச் சித்திரிக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலில், விடியலில் தயிர் கடைந்து வெண்ணெய் எடுக்கும் ஆய்மகள், மோரை விற்றுப் பெற்ற தானியத்தால் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை ஏற்காமல் எருமையையும் பசுவையும் கன்றையும் பெற்றுக்கொள்கிறாள். இலக்கியச் சித்திரத்தை அப்படியே சமூக வரலாறாகக் கொள்ள இயலாது; ஆயர் குடியின் ஒரு பகுதியைப் புலவர் கண்ட விதம் அது. எனினும் பாலைப் பண்டமாக்குபவளும் விற்பவளும் வரும்பொருளை எதில் முதலிடுவது என்று தேர்பவளும் ஒருத்தியே என்று காட்சிப்படுத்தும் வாய்ப்பு அக்காலத்தில் இருந்தது என்பதையேனும் அது உறுதிப்படுத்துகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த அமைப்பு மாறியது. தமிழ்நாட்டில் 1958-ல் பால்வளத் துறையும், 1972-ல் பால்வள வளர்ச்சிக் கழகமும், 1981-ல் இன்று 'ஆவின்' என்ற பெயரால் அறியப்படும் கூட்டுறவு இணையமும் உருவாயின. கிராமத்தில் தொடக்கச் சங்கம், மாவட்ட அளவில் ஒன்றியம், மாநில அளவில் இணையம் என்ற மூன்றடுக்கு முறையில் கறந்த பால் திரவ நிலையிலேயே ஊரைவிட்டு வெளியேறியது. வீட்டில் உறை ஊற்றி, கடைந்து, வெண்ணெய் திரட்டி, உருக்கி, மோர் விற்ற வேலைகள் சுருங்கின. அவ்வேலைகளின் சுமை குறைந்தது உண்மை. ஆனால் பதப்படுத்தும் திறனும் அதன் வழி வந்த சில்லறை வருவாயும் பெண்ணிடமிருந்து தொழிற்சாலைக்கு இடம் பெயர்ந்ததும் உண்மையே. மோர் விற்றவளுக்கு வாங்குபவர் நேரெதிரே இருந்தார். சொசைட்டிக்குப் பால் ஊற்றுபவளுக்கோ எதிரே இருப்பது ஒரு பதிவேடு. அப்பதிவேட்டில் உள்ள பெயர் அவளுடையதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

4. உழைப்பின் உள்ளடக்கம்

பால்மாட்டுப் பராமரிப்பை 'வீட்டு வேலையோடு வேலையாக' என்று குறிப்பது ஊர் வழக்கு. அவ்வேலையை அருகிருந்து நோக்கினால் அத்தொடரின் போதாமை புலப்படும். சாணி அள்ளிக் கட்டுத்தறியைக் கூட்டுவது, கழுநீரும் தவிடும் கலந்து காட்டுவது, மடியைக் கழுவி கன்றை ஊட்டவிட்டுச் சுரப்பு விட்டதும் கறப்பது, தூக்குவாளியில் சங்கத்துக்குக் கொண்டு செல்வது ஆகியவை விடியலுக்கு முன் தொடங்கி மாலையில் மறுபடியும் நிகழ்கின்றன. இடைப்பட்ட பகலில் கறவைமாடு ஒன்றுக்குச் சுமார் 25 கிலோ பசுந்தீவனம் அறுத்துச் சுமக்க வேண்டும். கோடையில் 60 லிட்டருக்கு மேல் தண்ணீர் காட்டவும் வேண்டும். பால் கறப்பது சில பகுதிகளில் ஆண்களின் வேலையாகவோ கூலிக்கு வரும் கறவைக்காரரின் வேலையாகவோ இருக்கிறது. அங்கும் கறப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள பணிகள் பெண்களையே சார்ந்துள்ளன.

இந்த உழைப்பில் உடல் வலிமைக்கு நிகராக அறிவும் அடங்கியுள்ளது. மாடு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை சினைப்பருவத்துக்கு வரும். அதன் அறிகுறிகள் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் மறைந்துவிடும். காலையில் கத்தத் தொடங்கிய மாட்டுக்கு மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும் என்பது பொதுவிதி. பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடி போன்ற சளி வழிவதையும், தீனி குறைவதையும், பால் திடீரென இறங்குவதையும் முதலில் காண்பவர் தீனி வைத்துக் கறப்பவரே. அந்தப் பார்வை ஒருமுறை தவறினால் மேலும் 21 நாள் தீவனச் செலவு வீணாகிறது. கன்று ஈனுவதும் அடுத்த கறவையும் அதே அளவு தள்ளிப்போகின்றன. ஆக, ஒரு வீட்டின் பால் பொருளாதாரம் அந்தப் பெண்ணின் கவனிப்பைப் பொறுத்தே நிற்கிறது. ஆயினும் செயற்கைமுறைக் கருவூட்டல், மடிநோய்த் தடுப்பு, தீவன மேலாண்மை குறித்த பயிற்சிகளுக்கு அழைக்கப்படுபவர் சங்கப் பதிவேட்டில் உள்ள உறுப்பினராக இருப்பதால், அறிவு தேவைப்படுபவரும் அது வழங்கப்படுபவரும் வெவ்வேறு ஆட்களாக அமைந்துவிடும் நிலை உள்ளது.

உடல்நலம் சார்ந்த ஆபத்தும் இதே வகையில் பங்கிடப்படுகிறது. கன்று ஈனும்போது உதவுவதும், விழாத நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அகற்ற முயல்வதும், கன்று வீசிய மாட்டின் கழிவுகளைத் துப்புரவு செய்வதும் 'புரூசெல்லோசிஸ்' என்னும் கன்றுவீச்சு நோய் மனிதருக்குத் தொற்றும் வழிகள். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக வெளிப்படும் இந்நோய், பிற காய்ச்சல்களோடு எளிதில் குழம்பக்கூடியது. 2019-ல் மைய அரசு தொடங்கிய திட்டத்தில் 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி போடப்படுகிறது. கன்றைக் காக்கும் இந்த ஏற்பாட்டுக்கு இணையாக, கன்றைக் கையில் ஏந்துபவளுக்குக் கையுறையும் எச்சரிக்கையும் எல்லா ஊர்களிலும் சென்று சேர வேண்டியது இன்றியமையாதது.

5. கணக்கெடுப்பில் மறையும் உழைப்பு

தேசியக் கணக்கியல் விதிகளின்படி பால் ஒரு பொருளாதார உற்பத்தி. வீட்டிலேயே குடிக்கப்படும் பாலுக்கும் மதிப்புக் கணக்கிடப்பட்டு அது நாட்டின் வருமானத்தில் சேர்க்கப்படுகிறது. ஆகவே மாடு வளர்ப்பவரும் உழைப்பாளராகவே எண்ணப்பட வேண்டும். நடைமுறையில், 'வேலை செய்கிறீர்களா?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் வீட்டின் ஆண் விடை தருவதாலும், பெண்ணே விடை தந்தாலும் தன் மாட்டு வேலையை 'வேலை' என்று அவள் சொல்லிப் பழகாததாலும், அவள் 'வீட்டு வேலை மட்டும்' செய்பவளாகப் பதிவாகிவிடுகிறாள். தேசிய மாதிரி ஆய்வின் குறியீட்டு முறையில் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92 என்ற எண்ணும், அதனுடன் விறகு, மாட்டுத் தீவனம் முதலியவற்றை இலவசமாகச் சேகரிப்பவருக்கு 93 என்ற எண்ணும் தரப்படுகின்றன. இவ்விரு குறியீடுகளும் உழைப்பாளர் தொகைக்கு வெளியே உள்ளவை. வரப்பில் புல் அறுக்கும் பெண் 93-க்குள் அடங்கிவிட, அப்புல்லால் விளைந்த பால் மட்டும் தேசிய வருமானத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

இக்குறைபாட்டைக் களைய முயற்சிகள் நடந்திருக்கின்றன. இலா பட் தலைமையிலான ஆணையம் 1988-ல் அளித்த 'ஷ்ரமசக்தி' அறிக்கை, ஊதியமில்லாக் குடும்ப உழைப்பையும் கணக்கில் கொள்ளுமாறு வலியுறுத்தியது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பண்ணையிலும் குடும்பத் தொழிலிலும் ஊதியமின்றிச் செய்யும் வேலையும் 'வேலை'யே என்று கேள்வியிலேயே குறிப்பிடப்பட்டது. 1998-99-ல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டு ஆய்வு சோதனை முறையில் நடத்தப்பட்டது. நாடு தழுவிய முதல் ஆய்வு 2019-ல் நிகழ்ந்தது.

அண்மைக் காலத் தொழிலாளர் ஆய்வுகள் வேறொரு விவாதத்தைக் கிளப்பியுள்ளன. 15 வயதுக்கு மேற்பட்ட கிராமப்புறப் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு வீதம் 2017-18-ல் 24.6 சதவீதமாக இருந்து 2023-24-ல் 47.6 சதவீதமாக உயர்ந்ததாக அவை காட்டுகின்றன. இவ்வளவு குறுகிய காலத்தில் பெண்களின் வேலை இருமடங்கானதா, முன்பே செய்துவந்த வேலை இப்போது பதிவாகத் தொடங்கியதா, வருமானச் சரிவால் குடும்பங்கள் சுயதொழிலுக்குத் தள்ளப்பட்டனவா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்தொற்றுமை இல்லை. உயர்வில் கணிசமான பகுதி சுயதொழிலிலும், ஊதியமில்லாக் குடும்ப உதவியாளர் என்ற பிரிவிலும் நிகழ்ந்திருப்பதால், எண்ணிக்கையில் இடம்பெறுவது முன்னேற்றத்தின் முதற்படி மட்டுமே என்று கொள்வதே பொருந்தும். 'உதவியாளர்' என்று எண்ணப்படுபவர் உரிமையாளர் ஆவதற்கு இன்னும் தொலைவு இருக்கிறது.

6. மூன்று பெயர்கள்: மாடு, சங்கம், வங்கி

கறவைமாடு வளர்ப்பில் உரிமை மூன்று பதிவுகளில் நிலைகொள்கிறது. முதலாவது மாட்டின் பதிவு. இன்று மாட்டின் காதில் மாட்டப்படும் வில்லையில் 12 இலக்க எண் ஒன்று உண்டு. அதற்கு நேராகப் பதிவேட்டில் உரிமையாளரின் பெயர் எழுதப்படுகிறது. காப்பீட்டுத் தொகையும் கடனும் அப்பெயருக்கே உரியவை. இரண்டாவது, சங்கத்தின் உறுப்பினர் பதிவு. பல ஊர்களில் வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்ற வழக்கம் இருப்பதால் அந்த இடம் குடும்பத் தலைவருக்குப் போய்விடுகிறது; வாக்கும், ஊற்றிய பாலின் அளவுக்கேற்ற போனஸும், நிர்வாகக் குழுவில் நிற்கும் தகுதியும் அதனுடன் செல்கின்றன. மூன்றாவது, பால் பணம் செலுத்தப்படும் வங்கிக் கணக்கு.

மூன்றாவது பதிவின் முக்கியத்துவம் பணம் தரப்படும் முறையால் கூடியிருக்கிறது. சங்கத்தில் ரொக்கமாகப் பட்டுவாடா நடந்தபோது, உறுப்பினர் யாராக இருந்தாலும் பால் ஊற்றப் போன பெண் தொகையைக் கையில் வாங்கி, வழியிலேயே மளிகைக் கடனை அடைத்துவிட்டு மிச்சத்தோடு வீடு திரும்ப இடமிருந்தது. பணம் நேரடியாக வங்கிக்குச் செல்லும் முறை, கசிவையும் முறைகேட்டையும் குறைக்கும் நற்பயனுடையது. ஆயினும் கணக்கு கணவர் பெயரில் இருந்தால் அந்தச் சிறு இடமும் அடைபடுகிறது. கணக்கு பெண்ணின் பெயரில் இருந்தாலோ, அதே முறை அவளது பணத்துக்கு முன்பில்லாத காவலாகிறது. ஒரே சீர்திருத்தம் இரு எதிர்விளைவுகளைத் தரக்கூடியது என்பதும், எது நிகழும் என்பதைப் பெயரே தீர்மானிக்கிறது என்பதும் இங்கே தெளிவாகின்றன.

நாடு முழுவதும் பால் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே உள்ளனர். வேலையில் அவர்களுக்குள்ள பங்கோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. 2011-ல் நிறைவேறிய 97-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் கூட்டுறவு நிர்வாகக் குழுக்களில் பெண்களுக்கு இரண்டு இடங்களை ஒதுக்கியது. மாநிலங்களுக்கு உட்பட்ட சங்கங்களைப் பொறுத்தவரை அத்திருத்தப் பகுதி செல்லாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே உள்ளூர்ச் சங்கத்தில் பெண்ணின் இடம் மாநிலச் சட்டத்தையும் ஊரின் மனநிலையையும் பொறுத்ததாகவே உள்ளது.

பதிவுகளுக்கு அப்பாலும் ஓர் அதிகாரக் களம் உண்டு. ஈரோடு கருங்கல்பாளையம் போன்ற மாட்டுச் சந்தைகளில் தரகரும் வியாபாரியும் துண்டுக்குள் கைகோத்து விரல் பிடித்து விலை பேசும் மரபு நெடுங்காலமாக இருந்துவருகிறது. அந்தத் துண்டுக்குள் நீளும் கைகள் ஆண்களுடையவை. எந்த மாடு எத்தனையாவது ஈற்று, எந்தக் காம்பில் பால் குறைவு, கறக்கும்போது உதைக்குமா என்பன எல்லாம் அறிந்தவள் வீட்டில் இருக்க, அம்மாட்டின் விலை அவள் இல்லாத இடத்தில் முடிவாகிறது. அன்றாட வருமானம் பெண்ணிடம் இருக்கும் வீடுகளிலும், மாடு என்னும் முதலை விற்கும் முடிவு ஆணிடம் இருக்கக்கூடும். இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாத ஆய்வுகள் பெண்களின் அதிகாரத்தை மிகையாக மதிப்பிட்டுவிடும்.

7. நிலமும் சாதியும்

'கிராமப்புறப் பெண்கள்' ஒரே தன்மையுள்ள தொகுதி அல்லர். அவர்களிடையே உள்ள வேறுபாட்டை, வளர்க்கும் மாட்டின் இனம் மாறியதிலிருந்தே காணலாம். தமிழ்நாட்டின் கால்நடை இனப்பெருக்கக் கொள்கை சமவெளிக்கு ஜெர்சி கலப்பினத்தையும் மலைப்பகுதிக்கு ஃபிரீசியன் கலப்பினத்தையும் பரிந்துரைக்கிறது. எருமைகளின் எண்ணிக்கை 2012-ல் 7.8 லட்சமாக இருந்து 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 5.2 லட்சமாகச் சரிந்தது. அதே காலத்தில் மாடுகளின் எண்ணிக்கை 88 லட்சத்திலிருந்து 95 லட்சமாகக் கூடியது. கலப்பின மாடு அதிகம் கறக்கிறது. அதற்கேற்ப அடர்தீவனமும் நிழலும் தண்ணீரும் மருத்துவமும் கேட்கிறது. மேய்ந்துவந்த மாட்டின் இடத்தில் கட்டிப்போட்டு வளர்க்கும் மாடு வந்ததால், மேய்ச்சலுக்குச் சென்ற சிறுவரின் வேலை, தீவனம் அறுத்துச் சுமக்கும் பெண்ணின் வேலையாக மாறியது.

நிலமுள்ள வீட்டில் கோ-4 போன்ற தீவனப்புல்லைக் கிணற்றடியில் பயிரிடலாம். நிலமற்ற பெண்ணுக்குப் பிறர் வரப்பே புல்வெளி. அங்கே புல் அறுக்கும் அனுமதி, அந்த நிலக்காரருக்குக் களையெடுக்கக் கூப்பிட்டபோதெல்லாம் போக வேண்டும் என்ற எழுதப்படாத கடப்பாட்டோடு வருகிறது. மேய்ச்சல் புறம்போக்குகள் சுருங்கியதன் சுமை தலித் பெண்கள் மீதும் நிலமற்ற பிற சாதிப் பெண்கள் மீதும் கூடுதலாக இறங்கியது. மறுபுறம், எல்லார் பாலையும் ஒரே கேனில் கலந்து எடுக்கும் கூட்டுறவு முறை, வீடுவீடாகப் பால் விற்பதில் சாதி இட்ட தடையைக் கடக்க வழி தந்தது. இது கூட்டுறவின் மறுக்க முடியாத சமூகப் பயன். மாடு பெண்ணின் பெயரில் இருந்தாலும் புல்லுக்குப் பிறரைச் சார்ந்திருக்கும்வரை அவ்வுரிமை முழுமை பெறாது என்பதும் இதோடு சேர்த்துக் கருதத்தக்கது.

8. மாற்று முயற்சிகளின் படிப்பினை

பெண்களுக்கான பயிற்சி, வேலைவாய்ப்பு ஆதரவுத் திட்டம் 1986-87-ல் மைய அரசால் தொடங்கப்பட்டபின், பெண்களை மட்டுமே உறுப்பினராகக் கொண்ட பால் சங்கங்கள் பல மாநிலங்களில் பெருகின. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கப்பட்ட விலையில்லாக் கறவைப் பசு வழங்கும் திட்டம், ஆண்டுக்கு 12,000 பசுக்களை ஏழைக் குடும்பங்களுக்கு வழங்க முனைந்தபோது, பயனாளி பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று விதித்தது. மாட்டின் மீதான பெயரைச் சட்டப்படி பெண்ணுக்கு உறுதிசெய்த வகையில் இது முக்கியமானது. தீவன நிலமும் சந்தைத் தொடர்பும் இல்லாத இடங்களில் பசு மட்டும் தருவது போதுமா என்ற கேள்வியையும் அத்திட்டம் விட்டுச்சென்றது.

அண்டை மாநிலங்களில் இன்னும் முழுமையான முயற்சிகள் நிகழ்ந்தன. தெலங்கானாவின் முல்கனூரில் பெண்கள் தங்கள் சிக்கனக் கடன் சங்கங்களின் அனுபவத்தின் மேல் சொந்தப் பால் ஒன்றியத்தை நிறுவினர். சித்தூர்ப் பகுதியில் 2014-ல் தேசிய பால்வள வாரியத்தின் துணையோடு தொடங்கிய ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் நிறுவனம், பங்குதாரர் அனைவரும் பெண்கள் என்ற அடிப்படையில் வளர்ந்தது. இவற்றில் பங்கும் வாக்கும் பணமும் ஒரே பெயரில் குவிகின்றன. அதுவே பிற முயற்சிகளிலிருந்து இவற்றைப் பிரித்துக்காட்டும் கூறு. அதே வேளையில், பெண் பெயரில் உறுப்பினர் அட்டை இருந்தும் கூட்டத்துக்குக் கணவர் போகும் பெயரளவு உறுப்பினர் நிலையும் பரவலாக அறியப்பட்டதே. விடியலிலும் மாலையிலும் கறவை இருக்க, கூட்டங்கள் அந்நேரங்களிலேயே வைக்கப்பட்டால் பெண்கள் வருவதற்கில்லை. ஆகவே பெயர் தேவையான நிபந்தனை; அதுவே போதுமான நிபந்தனை ஆகிவிடாது.

9. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளைத் தொகுத்து நோக்கினால், கறவைமாடு வளர்ப்பு பெண்களுக்கு அதிகாரம் தந்தது என்ற கூற்றும் அவர்களைச் சுரண்டியது என்ற கூற்றும் தனித்தனியே குறையுடையவை என்பது புலனாகும். பதிவும் நிலமும் நேரமும் பெண்ணுக்கு வாய்த்த இடங்களில் பால் அவளது தொழிலாகியிருக்கிறது. வாய்க்காத இடங்களில் அது வீட்டு வேலையின் நீட்சியாகவே நின்றுவிட்டது. இதிலிருந்து சில நடைமுறைக் கடமைகள் பிறக்கின்றன. பால் ஊற்றுபவரையே உறுப்பினராக்குவது, கணவன் மனைவி இருவரையும் கூட்டு உறுப்பினராக ஏற்பது, பால் பணத்தைப் பெண்ணின் கணக்கில் செலுத்துவது, பயிற்சியைக் கட்டுத்தறிக்கே கொண்டுவருவது, நிலமற்ற பெண்கள் குழுக்களுக்கு ஊர்ப் பொதுநிலத்தில் தீவனம் வளர்க்க உரிமை தருவது ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. பாலின் விலையிலும் அவளது உழைப்பு கணக்கில் வர வேண்டும். 2022 நவம்பரில் பசும்பாலுக்கான ஆவின் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாயாக உயர்த்தப்பட்டபோதும், 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டபோதும், விவாதத்தின் மையத்தில் இருந்தது தீவன விலையே. இரு வேளைக் கறவைக்கும் புல்லுக்கும் தண்ணீருக்கும் செலவான மணிக்கணக்கான உழைப்பும் உற்பத்திச் செலவே என்று விலைக் கணக்கில் ஏறும்வரை, எந்த உயர்வும் அவளுக்குரிய கூலியை எட்டாது.

பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகள் பொன்னை மறுத்து எருமையைத் தேர்ந்தாள். அங்கே தேர்வு அவளுடையது. இன்றைய பால்வளத் திட்டங்களின் வெற்றியைச் சோதிக்கவும் அதுவே தக்க உரைகல். ஒரு வீட்டுக் கட்டுத்தறியில் எந்த மாடு வாங்கப்பட வேண்டும், எது எப்போது விற்கப்பட வேண்டும் என்ற பேச்சு எழும்போது, அம்மாட்டைக் கறந்தவளின் சொல்லே முடிவாகும் நாளில்தான் பால்மாடு வளர்ப்பைப் பெண்களின் தொழில் என்று தயக்கமின்றி எழுத முடியும்.